ஆசிரியர் மாணவராகும் புதன்கிழமை

போன தவணையில் எங்கள் தமிழ்ப் பிரிவில் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர், கேன்டீனில் தே ஆற்றிக்கொண்டே கேட்டார்: “சார், ஆன்லைன் கோர்ஸ் ஒன்னு எடுக்கலாம்னு இருக்கேன். தொழில்நுட்பத்த வெச்சு எப்படிப் பாடம் நடத்துறதுன்னு. மொத்தம் ஆறு மணி நேரம். வீடியோ பாத்து க்விஸ் முடிச்சா சர்ட்டிஃபிக்கேட் வந்துருமாம். நெஜமாவே அதுல ஏதாச்சும் கத்துக்க முடியுமா?”

“முடியும். ஆனா வீடியோ பாக்குறதால இல்ல” என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் உயர்நிலை ஒன்றுக்கு ஓடினார், நான் உயர்நிலை மூன்றுக்கு. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். இப்போதுதான் ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள், பாலர் பள்ளியிலோ துணைப்பாட வகுப்பிலோ தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள், “டீச்சருக்கு எதுக்கு இன்னும் படிப்பு?” என்று வீட்டில் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்து.

பெயரிலிருந்து தொடங்கலாம். வேலைக்கு வந்த பிறகும் ஆசிரியர் தொடர்ந்து கற்பதைப் பணித்திறன் மேம்பாடு என்கிறோம். பட்டயப் படிப்பு முடித்துப் பள்ளிக்குள் நுழைந்தவுடன் கற்றது போதும் என்று யாரும் விடுவதில்லை. சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி பெற உரிமை உண்டு. 1998இலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. அந்தப் பயிற்சி பல இடங்களில் நடக்கும்: தேசியக் கல்விக் கழகத்தில், 2010இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆசிரியர் கழகத்தில், பள்ளிக்குள்ளேயே. தமிழாசிரியர்களுக்கு என்றால் பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம். ஜூரோங்கிலிருந்தும் உட்லண்ட்சிலிருந்தும் பள்ளி முடிந்த கையோடு ரயிலேறி அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆனால் பயிற்சி முடிந்ததும் பக்கத்திலேயே சிராங்கூன் சாலை. நாலு பேர் சேர்ந்து தோசை சாப்பிடுவோம். அந்தத் தோசையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே பயிற்சி இணையம் வழியாக வந்தால் அது இணையவழிப் பணித்திறன் மேம்பாடு. ஓப்பல் 2.0 என்ற தளத்தில் கல்வி அமைச்சின் ஆசிரியர்கள் இப்படிப்பட்ட பயிற்சிகளைத் தேடிச் சேர்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஸூமிலோ வேறு செயலியிலோ கூடுவது ஒன்று. காணொளி, கட்டுரை, பயிற்சி என்று வைத்துவிட்டு அவரவர் நேரத்தில் செய்யச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் கலந்ததும் உண்டு. நல்ல பயிற்சிகள் பெரும்பாலும் அந்தக் கலவைதான் என்பது என் அனுபவம். வகைகளைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் “தொழில்நுட்பத்தோடு கற்பிப்பது எப்படி” என்பதை இணையத்தில் கற்கும்போது மட்டும் வேறெந்தப் பயிற்சியிலும் இல்லாத ஒன்று நடக்கிறது. யாப்பிலக்கணத்தை இணையத்தில் கற்றால் இணையம் வெறும் வண்டி, ஏறிப் போய் இறங்கிவிடலாம். இதிலோ நாம் ஏறியிருக்கும் வண்டியைத்தான் நாளைக்கு நாமே ஓட்டப்போகிறோம். பயிற்றுநர் எப்போது பேச்சை நிறுத்துகிறார், எப்போது நம்மைக் குழுவாகப் பிரிக்கிறார், எந்த இடத்தில் நமக்குக் கொட்டாவி வருகிறது என்பதெல்லாமே பாடம்தான்.

ஒரு புதன்கிழமை பிற்பகல், மூன்று மணிக்கு அப்படி ஒரு பயிற்சி. நாற்பது பேருக்கு மேல் இருந்திருப்போம். திரையில் நாற்பது கறுப்புக் கட்டம், கட்டத்துக்குள் பெயர்கள். நானும் கேமராவை அணைத்துவிட்டேன். பத்தாவது நிமிடத்தில் மைக்கையும் அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் ஏதோ கேட்டுவிட்டு, “யாராவது?” என்றார். பதில் இல்லை. மறுபடியும் “யாராவது?” என்றார். அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று பார்த்தால், வீட்டிலிருந்து கற்றல் நாள்களில் நான் பேசிய குரல். என் மாணவர்களும் அந்தப் பக்கம் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்றைய பயிற்சியின் தலைப்பு இப்போது நினைவில் இல்லை. இது மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

கொவிட் காலத்தில் முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கல்வியில் தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டத்தைச் சிங்கப்பூர் 1997லேயே தொடங்கிவிட்டது. 2002க்குள் பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினி வழி நடக்க வேண்டும் என்று அப்போதே இலக்கு வைத்தார்கள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று திட்டங்கள் தொடர்ந்தன. எஸ்எல்எஸ் என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் மாணவர் கற்றல் தளம் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது.

தமிழர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமைப்படவும் இடமுண்டு. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, 1995லேயே சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் முயற்சியில் முன்னின்றார். 1997இல் இங்கே நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவர்தான் முன்கை எடுத்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவர்தான் தமிழை இணையத்துக்குக் கொண்டுவர உழைத்திருக்கிறார் என்பதைப் புதிய ஆசிரியர்களிடம் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அப்புறம் 2020. ஏப்ரல் 1ஆம் தேதி, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டிலிருந்து கற்றல் என்று தொடங்கியது. ஒரு வாரம்தான். ஏப்ரல் 8ஆம் தேதியிலிருந்து முழுக்க வீட்டிலிருந்தே. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதை ஒரு வாரத்தில் கற்க வேண்டிய நிலை. அதன் பிறகு பின்வாங்கவும் வழியில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற திட்டத்தை 2028க்குள் முடிப்பதாக இருந்தார்கள், அதை 2021க்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளைகளின் கையில் கருவி வந்துவிட்டது. ஆசிரியர் என்ன செய்வது?

மூன்று வட்டங்கள்

இந்தத் துறையில் ஒரே ஒரு கருத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், டிபேக் (TPACK) என்பதை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஏதோ தேயிலைப் பொட்டலம் மாதிரி இருக்கிறது, ஆனால் விஷயம் எளிது.

1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு கேள்வி எழுப்பினார். பாடம் தெரிந்தவருக்கும் பாடம் நடத்தத் தெரிந்தவருக்கும் என்ன வேறுபாடு? ல, ள, ழ மூன்றும் எங்கே பிறக்கின்றன என்று நன்னூல் படித்த எவரும் சொல்லிவிடுவார். ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசும் எட்டு வயதுப் பிள்ளை ‘பழம்’ என்பதை ஏன் ‘பலம்’ என்கிறது, அதன் நாக்கை எப்படி வளைக்க வைப்பது என்பது வேறு அறிவு. அது தமிழறிவு மட்டுமில்லை, பொதுவான கற்பித்தல் திறமை மட்டுமில்லை. இரண்டும் உரசும் இடத்தில் பிறப்பது.

2006இல் புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற இருவர் இதில் மூன்றாவது வட்டத்தைச் சேர்த்தார்கள்: தொழில்நுட்ப அறிவு. பாடம், கற்பித்தல், தொழில்நுட்பம் மூன்றும் வெட்டிக்கொள்ளும் நடுவிடம்தான் ஆசிரியருக்கு வேண்டியது என்றார்கள். இந்தக் கருத்து அவர்களுக்குக் கிடைத்த வழியைத்தான் நான் ரசிப்பேன். பேராசிரியர்களை உட்காரவைத்து மென்பொருள் சொல்லிக்கொடுக்காமல், இணையவழிப் பாடம் ஒன்றை மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கச் சொன்னார்கள். செய்யச் செய்யத்தான் இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுப்பது தெரிந்தது.

கேட்க எளிதாக இருக்கிறதே என்று தோன்றும். நான் தலைகுப்புற விழுந்த கதையைச் சொன்னால்தான் இது புரியும்.

உயர்நிலை இரண்டு, பதினெட்டு மாணவர்கள். குரல் பதிவு செய்யும் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று அப்போதுதான் ஒரு பயிற்சியில் கற்றிருந்தேன். பிரமாதமாக இருந்தது. மாணவர் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், எனக்கு வந்து சேர்ந்துவிடும். “உங்கள் வார இறுதியைப் பற்றி ஒரு நிமிடம் பேசுங்கள்” என்று கொடுத்தேன். பதினெட்டுப் பேரும் அனுப்பிவிட்டார்கள்! மகிழ்ச்சியோடு முதல் பதிவைத் திறந்தேன். “நான் சென்ற சனிக்கிழமை என் குடும்பத்தினருடன் கடைத்தொகுதிக்குச் சென்றேன். அங்கு நாங்கள் பல பொருள்களை வாங்கினோம்.” இரண்டாவது பதிவிலும் குடும்பத்தினருடன் சென்றார்கள். மூன்றாவதில் தாள் திரும்பும் சத்தமே கேட்டது. பதினெட்டும் எழுதி வைத்து வாசித்தவை. பேச்சுப் பயிற்சி கொடுத்ததாக நினைத்து வாசிப்புப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

கருவியில் குறையில்லை, எப்படி அழுத்துவது என்றும் எனக்குத் தெரியும். தொழில்நுட்ப வட்டம் முழுசு. தவறு நடுவில். தமிழில் பேச்சும் எழுத்தும் வேறு வேறு. 2005இல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுத்ததே இதற்காகத்தான். எதிரில் ஆள் இல்லாமல், யோசிக்க நேரமும் கொடுத்து, ஆசிரியர் மதிப்பெண் போடுவார் என்ற பயமும் இருந்தால் பிள்ளை எழுத்துத்தமிழுக்குத்தான் ஓடும். பெரியவர்கள் நாமே மேடையில் அப்படித்தானே செய்கிறோம்?

அடுத்த வாரம் மூன்றை மாற்றினேன். பேசப் போவது ஆசிரியரிடம் இல்லை, பக்கத்து இருக்கை நண்பரிடம். ஒரு படம் திரையில் வரும், வந்ததும் பேச வேண்டும். நண்பர் அதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், அதற்குப் பதிலும் உண்டு. இந்த முறை வந்தது: “டேய், இது நம்ம ப்ளோக் கீழ இருக்குற கோப்பிக் கடை மாதிரியே இருக்குடா. அந்த அங்கிள் ஏன் கோவமா இருக்காரு?” ஆங்கிலம் கலந்திருந்தது, இலக்கணப் பிழையும் இருந்தது. ஆனால் பேச்சு. திருத்துவதற்கு இப்போதுதான் ஏதோ கையில் கிடைத்திருக்கிறது. கருவி அதேதான், பொத்தானும் அதேதான்.

பொதுவான பயிற்சிகளில் தமிழாசிரியர் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். அறிவியல் ஆசிரியருக்கும் நமக்கும் ஒரே எடுத்துக்காட்டு காட்டுவார்கள்: “மாணவர்கள் தங்கள் கருத்தைத் தட்டச்சு செய்யட்டும், ஐந்து நிமிடம்.” தமிழில் ஐந்து நிமிடத்தில் பாதிப் பிள்ளைகள் விசைப்பலகையை மாற்றிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் ‘ண’வைத் தேடிக்கொண்டிருப்பார்கள். தமிழ் 99 விசைப்பலகை பழகியவர் ஒருவர், ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழ் வரவைப்பவர் இன்னொருவர், தாத்தா பாட்டியோடு வாட்ஸ்அப்பில் பேசிப் பழகியதால் குரலைத் தமிழாக்கிவிடும் புத்திசாலி ஒருவர். இந்த நேரக் கணக்கைப் பயிற்றுநர் சொல்லித்தர மாட்டார், நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். செயற்கை நுண்ணறிவும் அப்படித்தான். இப்போது பாடம் தயாரிக்கவும் மாணவருக்குக் கருத்துரை எழுதவும் அது கைகொடுக்கிறது. ஆனால் அது எழுதும் தமிழை ஒரு வரி விடாமல் வாசிக்காமல் மாணவர் கண்ணில் காட்டாதீர்கள். சந்திப் பிழையோடு வரும் கருத்துரையைப் படித்து மாணவர் சந்தி கற்பதைப் பார்க்கச் சகிக்காது.

தோசைக்கு வருவோம்

2012, 2013இல் ஹார்வர்டும் எம்ஐடியும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்ட முதல் சில பாடங்களில் 841,687 பதிவுகள் வந்தன. சான்றிதழ் வரை போனவை 43,196. இருபதில் ஒன்று. அதைவிட வியப்பு, பதிந்தபின் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்காதவை 292,852. அவை ஆசிரியர்களுக்கான பாடங்கள் இல்லைதான். ஆனால் தனியாக உட்கார்ந்து திரையோடு கற்பது எவ்வளவு எளிதாக நழுவிவிடும் என்று காட்ட இந்தக் கணக்கு போதும். சேரும்போது எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான். சனிக்கிழமை ஜிம்மில் சேர்வது மாதிரி.

கனடாவில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் 2000இல் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். இணையவழிக் கற்றலில் மூன்று பேர் இருப்பது போன்ற உணர்வு வேண்டும் என்று என் மொழியில் சொல்லலாம்: வழிநடத்தும் ஆசிரியர், சிந்திக்கும் மாணவர், கூட இருக்கும் மனிதர்கள். முதல் இரண்டையும் பெரும்பாலான பயிற்சிகள் எப்படியோ சமாளித்துவிடுகின்றன. விட்டுப்போவது மூன்றாவது. அதுதான் சிராங்கூன் சாலைத் தோசை. “அவங்க சொன்னது என் கிளாஸ்ல நடக்காதுப்பா” என்று ஒருவர் புலம்புவார். “எனக்கும் நடக்கல, ஆனா இப்படி மாத்திப் பாத்தேன்” என்பார் இன்னொருவர். பயிற்சியின் பாதி அந்த மேசையில்தான் நடக்கும். கேமராவை அணைத்தவர்களுக்கு அந்த மேசை கிடையாது.

இன்னொரு பழைய ஆய்வையும் சொல்லியாக வேண்டும். 1980களில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் கவனித்தது: பயிலரங்கில் கேட்டதும் பார்த்ததும் வகுப்பறைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. அதே பள்ளியில் ஒருவர் கூடவே இருந்து, முயன்று பார்க்கும்போது துணை நின்று, பிறகு பேசினால்தான் நுழைகிறது. இணையம் வருவதற்கு முன்பே சொன்னது இது. இணையத்தில் இன்னும் பொருந்துகிறது. பள்ளிகளில் ஆசிரியர்கள் சிறு குழுவாகக் கூடிப் பேசும் கற்றல் சமூகத்துக்கு நேரம் ஒதுக்குவதும் இதனால்தான். அந்த நேரத்தைச் சுற்றறிக்கை வாசிக்கச் செலவழித்தால் யாரைச் சொல்லி என்ன பயன்.

சரி, அப்படியானால் ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது அட்டவணையை. ஆறு மணி நேரத்தையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்கிறார்களா, இடையில் இரண்டு வாரம் விடுகிறார்களா? இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியில் என் வகுப்பில் எதையாவது செய்து பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள் என்று அர்த்தம். அடுத்து, நான் செய்த பாடத்தை ஒரு மனிதர் படித்துக் கருத்துச் சொல்வாரா, இல்லை க்விஸ்ஸில் பத்துக்கு எட்டு வாங்கினால் போதுமா? பள்ளியிலிருந்து கூட ஒருவர் சேர்கிறாரா என்றும் பார்ப்பேன். யாரும் இல்லை என்றால் இழுத்துச் சேர்ப்பேன். சேர்ந்த பிறகு பேராசை வேண்டாம். பத்துக் கருவி சொல்லித்தருவார்கள், ஒன்றை எடுங்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரே ஒரு இருபது நிமிடம். சொதப்பினால் குறித்து வையுங்கள், அடுத்த அமர்வில் பேச அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

இவ்வளவையும் அந்த இளம் ஆசிரியையிடம் துண்டு துண்டாக, நகலெடுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று நாலைந்து நாளில் சொல்லி முடித்தேன். ஆறு மணி நேரப் பயிற்சியை அவர் மூன்று வாரமாகப் பிரித்துக்கொண்டார். என்னையும் இழுத்துச் சேர்த்துவிட்டார், என் ஆயுதத்தாலேயே என்னை.

போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உயர்நிலை ஒன்று மாணவர்கள் வீட்டில் ஒரு பெரியவரிடம் ஒரு சமையல் குறிப்பைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு வர வேண்டும் என்று கொடுத்திருக்கிறார். பதினாறு பேரில் பதினொரு பேர் அனுப்பியிருந்தார்கள். ஐந்து பேருக்கு மைக் வேலை செய்யவில்லையாம், வழக்கம்போல. “சார், இத மட்டும் கேளுங்க” என்று ஒன்றைத் திறந்தார். வகுப்பில் வாயே திறக்காத பையன். “பாட்டி, ரசத்துக்கு என்னென்ன போடணும்?” என்று கேட்கிறான். பாட்டி புளி, மிளகு என்று சொல்லிக்கொண்டே வருகிறார். அவன் நடுவில் “பாட்டி, கொ... கொதி... பாயில் ஆனதும் என்ன செய்யணும்?” என்கிறான். “கொதி வந்ததும்னு சொல்லுடா” என்கிறார் பாட்டி. “கொதி வந்ததும்” என்கிறான் அவன். இரண்டாவது முறை கேட்க ஆரம்பித்தோம், மணி அடித்துவிட்டது.